பனியில் அடைகாப்பவள்

மரம் வெட்டும் இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுதான் ரைலிக்குப் பாதி வீடு. குஹ்மோ காடுகளில் இளவயதிலிருந்து அதை ஓட்டுகிறாள். உள்ளே காபிக் குடுவை, கம்பளிக் காலுறை, முணுமுணுக்கும் ரேடியோ. வெளியே பனி, அதற்கும் மேல் பனி. சில பகல்களில், தான் விழித்துத்தான் இருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

பறவைகள் கூடு கட்டுமுன், பனி இறுகிக் கிடக்கும்போதே வெட்டிவிட வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நல்ல மனசு. அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை. ஆனால் போன வாரம் ஒரு பைன் மரம் சாய்ந்தபோது, பனியில் ஒரு கூடு உருண்டு வந்து நின்றது. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். மூக்கு உறையும் மார்ச் குளிரில்! கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். பிழைக்கவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கத்தரிபோல் அலகு குறுக்கிட்ட அந்தக் குருவிக்கு வசந்தமெல்லாம் பொருட்டில்லை. பைன் காய் நிறையக் காய்த்திருந்தால் பனியிலேயே குடித்தனம் தொடங்கிவிடும். இத்தனை காலம் எத்தனை கூடுகளைக் கவிழ்த்தாளோ, பாவி!

இன்று ஒரு கிழட்டு பைன் மரத்தின் முன் அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். காட்டுக்குச் சொந்தக்காரனான அவள் அண்ணன் வெய்க்கோ பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து சேர்ந்தான்.

“என்னடி, என்ஜின் செத்துப்போச்சா?”

“இல்லண்ணே. மேல குருவி அடைகாக்குது. இந்த மரத்த விட்டுடு.”

“விட்டுட்டு? நீராவிக் குளியலுக்கு சவுனா கட்டணுமே, அத கம்பளி நூல்ல பின்னவா? பனி போயிட்டா வெட்டுற மரம் கட்டடத்துக்கு ஆகாது. உன் அண்ணி ஹெல்வி கட்டு கட்டுன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தா. இந்தக் கோடைக்காவது மக வந்து குளிக்கட்டும். அது என்ன, அழியப்போற பறவையா?”

“இல்ல. நிறையவே இருக்காம், ஆபத்து இல்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா அதுக்கு வயசான பைன் வேணும். நாம அதத்தானே தேடித் தேடிச் சாய்க்கிறோம்?”

“நீ வெட்டலன்னா நான் ரம்பத்தோட வர்றேன், போ.”

அவள் காபியையும் தொலைநோக்கியையும் அவன் கையில் திணித்தாள்.

வெய்க்கோ வேண்டாவெறுப்பாக மேலே பார்த்தான். கூட்டில் பெட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் பனித்தூள். செங்கல் நிற ஆண் ஒன்று வந்து, தன் தொண்டையிலிருந்து இரையை எடுத்து அதன் வாயில் ஊட்டியது. பறந்துபோய், வெகுநேரம் கழித்து மறுபடி வந்து ஊட்டியது. பனி மெல்லமெல்லப் பெய்தது. காபி ஆறிப்போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

போன குளிர்காலம் முழுதும் அவன் மனைவி ஹெல்வி படுக்கையில் கிடந்தாள். மீன் சூப்பை ஆற்றி ஆற்றிக் கரண்டியால் ஊட்டினான் அந்த முரடன். யார் கதவைத் தட்டினாலும் விரலை உதட்டில் வைத்து ஒரே ஒரு பேச்சுதான் பேசுவான். பனிக்காலணியை உதறும் சத்தத்துக்கே ரைலியும் அதைக் கேட்டிருக்கிறாள்.

இயந்திரத்தைப் பின்னுக்கு எடுக்கலாம் என்று அவள் கூண்டில் ஏறினாள். வெய்க்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மெல்லடி,” என்றான். “தூங்குறா.”

இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தே வீடு போனார்கள்.