ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு

"உங்க எடை என்ன? வயசு என்ன? ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

காலையில் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் இப்படிக் கேட்டு, ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டு, கொஞ்சமும் அசராமல் அடுத்த மேசைக்கு நகர்கிறார். கையில் நோட்டு. அவருடைய மேசைக்கு அடியில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தராசு. காதுபடவே சொல்கிறோம், கோபித்துக்கொள்வதில்லை. ஒருநாளாவது கோபித்துக்கொள்ளக் கூடாதா என்று எனக்கு இருக்கும்.

நான் பக்கத்து இருக்கை. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி எங்களுடையது. மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி முப்பது வருடத்துக்கு முன்னால் சி என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது. வேகமானது, பிசகாதது, அதில் கை வைக்க எவருக்கும் துணிச்சல் கிடையாது. நர்ஸுகள் பார்க்கும் திரைகளோ இப்போது பைத்தான் என்ற வேறொரு மொழியில் ஓடுகின்றன. இது பேசுவது அதற்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து, இங்கே வாங்கி அங்கே கொடுக்கிற நிரல்களை எழுதுவது தராசின் வேலை. "மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டின புருஷன்ங்க நான்," என்பார் முன்பெல்லாம். அப்படிச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது.

அந்தப் பழைய சி நிரல் இரண்டு எண்களைக் கேட்கும். முதலில் எடை, அடுத்தது வயது. எது எது என்று விசாரிக்காது, வந்த வரிசையில் வாங்கிக்கொள்ளும். இவர் எழுதிய நிரல் வயதை முதலில் அனுப்பிவிட்டது. சரிபார்க்காமலும் இல்லை. தன்னுடைய எண்களையே போட்டு, காகிதத்தில் கையால் கணக்குப் பண்ணி, திரையில் வந்த விடையோடு ஒப்பிட்டார். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை அச்சாகப் பொருந்தியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. எடையும் ஐம்பத்தெட்டு.

பன்னிரண்டு நாள் அப்படியே ஓடியது. வயதும் எடையும் பக்கம் பக்கமாக இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தனியாக வாழும் ஒரு தையல்கார அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று, எடை முப்பத்தெட்டு. காய்ச்சலுக்குப் போட்ட ஊசி ஏறக்குறைய இரண்டு மடங்கு உள்ளே போயிற்று. காய்ச்சல் விட்டது. அளவு மிஞ்சியதில் இரண்டு காதும் போய்விட்டன. மருந்துக் கிடங்கில் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்ட அன்றுதான் குட்டு உடைந்தது. இரண்டு சொற்களை இடம் மாற்றினார், பத்து விநாடி வேலை.

அந்த அம்மாவுக்கு மருத்துவமனை 'மருந்தின் பக்கவிளைவு' என்று கடிதம் கொடுத்தது. எங்கள் மேலாளர் இவரைக் கூப்பிட்டு, "இனிமே பாத்துப் பண்ணுங்க சார். வெளிய மூச்சு விடாதீங்க," என்றார். அத்தோடு சரி.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா தாங்கியிருப்பேங்க," என்றார் என்னிடம்.

அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கென்ன, சொல்வது சுலபம்.

சனிக்கிழமை சாயங்காலம் இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பார். நல்ல சட்டையில் ஒரு பொத்தானைத் தானே வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தைத்து வாங்க அந்த அம்மாவிடம் போவார். "சட்டைய வெட்டுறார், சோத்தத் தொட மாட்டேங்கிறார். என்னனே புரியல," என்று அவர் மனைவி என்னிடம் போனில் அழுதார். இப்போது அவருக்கு வயது அறுபது, எடை நாற்பத்தேழு. சோதனைக்கு இனி அவருடைய எண்கள் போதும். ஆனாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் கேட்கிறார்.

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், கயிற்றில் கட்டித் தொங்கும் ஒரு பலகை. வருகிறவர்கள் அதில்தான் எழுதிக் காட்ட வேண்டும். இவரை மருத்துவமனையிலிருந்து நலம் விசாரிக்க வருகிற ஆள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க தம்பி! மறுபடியும் பொத்தானா? வீட்டுல எலி கிலி இருக்கா?" காது போனவர்களின் உரத்த குரல். சட்டையை வாங்கி மடியில் போட்டு, ஊசியில் நூல் கோத்தபடி என்னிடம் சொன்னார்: "இவரு தங்கமான மனுஷன். அங்க யாரையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். மருந்து நல்ல மருந்துதான். என் ஒடம்புதான் கேடுகெட்ட ஒடம்பு, அதுக்கு ஒத்துக்கல."

தலை குனிந்து தைக்க ஆரம்பித்தார். தராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நரைத்த தலையைப் பார்த்துத் தெளிவாக, நிதானமாகப் பேசினார்.

"உங்க ஒடம்பு இல்லம்மா. நான்தான். வயச மொதல்ல போட்டுட்டேன், எடைய அப்புறம் போட்டுட்டேன். உங்க காதக் கெடுத்தது நான்தாம்மா."

வாராவாரம் சொல்கிறார் போலிருக்கிறது. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார். தராசின் உதடுகள் அசைந்து ஓய்வதைப் பார்த்துச் சிரித்தார். பலகையையும் சாக்பீஸையும் அவர் பக்கம் தள்ளினார்.

"ஏதோ சொன்னீங்களே தம்பி. எழுதுங்க, படிக்கிறேன்."

சாக்பீஸ் பலகையில் ஊன்றியபடி வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினார்: 'சாப்பிட்டீங்களா?'