மட்டம் பிசகாமல் ஒரு லென்ஸ்

என் அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. எதையும் தலையை வலப்பக்கம் சாய்த்துத்தான் பார்ப்பார். அதனால் கூட வேலை செய்பவர்களுக்கு அவர் 'சாய்வு மேஸ்திரி'. கோபம் மட்டும் நேராகத்தான் வரும். முப்பது வருடமாகத் தரை போடுகிறார். ஒரு நூல் விலகினாலும் ஒட்டியதைப் பெயர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அப்படிப்பட்டவரின் பிழைப்பே ஆட்டம் கண்டது. வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கண்ணின் கருவிழி வளைவு பிறவியிலேயே ஒரு பக்கம் கூடுதலாம். கண்ணாடி போடச் சொன்னால், குனிந்தால் நழுவுகிறது என்று கழற்றிவைத்துவிடுவார். இப்போது கோடெல்லாம் அவருக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆபரேஷனில் சாதாரண லென்ஸ் வைத்தால் வெளிச்சம் வரும், கோடு தெளியாது என்றார் டாக்டர். டோரிக் லென்ஸ் அந்த வளைவுக்கும் ஈடுகொடுக்குமாம். ஆனால் கண்ணுக்குள் சரியான கோணத்தில் உட்கார வேண்டும், திரும்பிவிட்டால் பலன் குறையும்.

"அதாவது மட்டம் பிசகக் கூடாது, அவ்வளவுதான?" என்றார் மாமா. டாக்டரையும் கொத்தனார் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்.

படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், ஆபரேஷனுக்கு முன் உட்காரவைத்தே கண்ணில் மையால் அடையாளம் வைப்பார்கள். நானும் அக்காவும் பக்கத்தில் நின்றோம்.

"தலைய நேரா வைங்க," என்றார் டாக்டர்.

"நேராத்தான் இருக்கு."

"கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"எனக்கே மட்டம் சொல்லித்தர்றீங்களா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இத்தனை வருடம் சாய்த்தே பார்த்தவருக்குச் சாய்வுதான் நேர். அக்கா உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்து மெல்லத் தள்ளினாள்.

"உலகமே கோணலா இருக்குடி."

"இருக்கட்டும். ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க."

டாக்டர் மையை வைத்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண்கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். போன வருடம் அவரே போட்ட தரை அது. சுவரோரம் தொடங்கிய வரிசை சமையலறை வாசலுக்குப் போவதற்குள் இரண்டு நூல் விலகியிருந்தது. நான் அன்றுதான் கவனித்தேன். அக்காவுக்கு முன்பே தெரியும் என்பதை அவள் முகமே சொன்னது.

"ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா அன்னைக்கே கொத்துக்கரண்டியக் கீழ வச்சிருப்பீங்க."

"அப்ப வெளிய போட்டதெல்லாம்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே, கடைசியாகத் தரை போட்ட வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குனிந்து பார்த்தார். வாசல் பக்கம் மூன்று வரிசையைப் பெயர்த்து மறுபடி போட்டுத் தருவதாகச் சொன்னார். வீட்டுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு மேஸ்திரி? எங்க யார் கண்ணுக்கும் தெரியலயே."

"எனக்குத் தெரியுதும்மா," என்றார் மாமா. "இப்ப எனக்குத் தெரியுது."