பெட்டிக்குள் போன பால் டப்பா

கைக்குழந்தையோடு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் குடிபோனோம். "ஒரே பெட்டிதான்" என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய வேட்டிகளைச் சுருட்டி, இடுக்கில் பால்மாவு டப்பாவையும் பாட்டிலையும் நான்தான் திணித்தேன். இடம் மிச்சம் பிடித்ததில் எனக்குப் பெருமை.

பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. சூளகிரி வருவதற்குள் குழந்தை பசியில் வீறிட்டான். எனக்குப் பால் வற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் வெந்நீர் பிளாஸ்க் மட்டும் இருந்தது. பெட்டி பஸ்ஸின் மேலே, மாங்கூடைகளுக்கு அடியில்.

"கட்டுனது கட்டுனதுதாம்மா. ஓசூர்லதான் அவுப்பேன்" என்றார் கண்டக்டர்.

அழுது அழுது அவன் குரலே அடங்கிவிட்டது. பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்த ஓர் அம்மாள், பால் குடித்துத் தூங்கிய தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இங்க குடு கண்ணு, நான் பால் குடுக்கறேன். நாங்க பாய் வூட்டு ஆளுங்க. உனக்குச் சம்மதமா?"

மாமியார் என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புள்ள துவண்டு கெடக்குது, நீ யாரு மூஞ்சியப் பாக்கற?" என்று அந்த அம்மாள் கையை நீட்டினார்.

ஓசூரில் பெட்டியைத் திறந்ததும், "பாத்தியா, ஒண்ணுகூட ஒடையல" என்றார் கணவர்.

பால் குடிக்கப் பிள்ளையை நானே அந்த அம்மாளிடம் கொடுத்ததாகத்தான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நான் கொடுக்கவில்லை. அவர்தான் என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.