கொலை அலமாரியும் பதினேழாம் பக்கமும்

வாடகை நூலகம் நடத்துகிறவனுக்கு ஊர்க்காரர்களின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது டாக்டரைவிட நன்றாகத் தெரியும். புத்தகத்தோடு மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் காந்திபுரத்தில், டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கடை வைத்திருந்தேன். நல்ல இலக்கியமாகப் பார்த்து அடுக்கினேன். அதில் பல்லி முட்டையிட்டது. ஜனங்கள் கேட்டதெல்லாம் தொடர் கொலை நாவல். அதிலும் வெறும் கொலை போதாது. கழுத்தை அறுப்பதற்கு முன் கொலைகாரன் மழையைப் பற்றி இரண்டு பக்கம் சிந்திக்க வேண்டும். அப்போதுதான் அது இலக்கியமாம்.

பிரவுன் பேப்பர்

வங்கி அதிகாரி ஒருவர் வாரம் தவறாமல் வருவார். நெற்றி நிறைய விபூதி. அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி இருந்தால், பிரவுன் பேப்பர் போட்டுக் கொடுத்தால்தான் எடுத்துப் போவார். பதினோரு பெண்கள் சாவதைச் சாப்பாடு முடிந்த கையோடு எப்படித்தான் படிக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "கொலையைப் படிக்கறதில்லீங்க, அவன் மனசைப் படிக்கறேனுங்க. பேப்பரைக் கொஞ்சம் தடிமனாப் போடுங்க."

ஆளுக்கொரு அடையாளம்

எல்லாக் கொலையும் ஒரே அச்சு என்பதால், இந்த நாவல்களில் எது படித்தது, எது படிக்காதது என்று படித்தவர்களுக்கே தெரியாது. அதனால் முடித்த புத்தகத்தின் பதினேழாம் பக்க மூலையில் பென்சிலால் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவிடுவார்கள். எடுக்கும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். வங்கி அதிகாரிக்குப் பெருக்கல் குறி. சூலூர் டீச்சரம்மாவுக்கு நட்சத்திரம். காங்கேயம் எண்ணெய் மில்காரருக்கு மாட்டுக் கொம்பு.

மில்காரர் ஒருமுறை கொம்பு போட மறந்து, அதே புத்தகத்தை மறுபடி எடுத்துப் போய் முழுதாகப் படித்துவிட்டார். மனைவி சொல்லித்தான் தெரிந்ததாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மறுக்காவும் பயமாத்தான் இருந்துச்சுங்க. அப்புறம் என்னங்க?" என்றார் அவர்.

டீச்சரம்மா

இந்தக் கண்றாவி போதும் என்று, பொங்கலோடு கொலை அலமாரியை ஏறக்கட்டுவதாக போர்டு எழுதி மாட்டினேன். மறுநாளே டீச்சரம்மா சூலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். பக்கவாதம் வந்த கணவர் நாலு வருஷமாகப் படுக்கையில். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். வாரத்துக்கு இரண்டு கொலைகாரர்கள்தான் துணை. நான் ஒரு குடும்ப நாவலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பொழுதன்னிக்கும் நல்லவளாவே இருக்கோணுமுங்க. கெட்டவங்கூட அரை மணி நேரம் இருந்துட்டு வந்தாத்தான், மறுபடி நல்லவளா இருக்க முடியுதுங்க" என்றார்.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. இந்தக் குப்பையில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை என்று பெருமையடித்தேன்.

டீச்சரம்மா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். போன வாரம், புதிதாக வந்தது, நீங்கள்தான் முதல் ஆள் என்று சொல்லி நான் கொடுத்தது. பதினேழாம் பக்கத்தில் அவருடைய நட்சத்திரத்துக்கு மேலே ஒரு சின்ன வட்டம், நடுவில் புள்ளி. பிறகு பின் அட்டையைத் திருப்பினார். அங்கே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் என் சுருக்கக் கையெழுத்து. அதே வட்டம், அதே புள்ளி. "ஏனுங்க, நான் எடுத்த எல்லாப் புக்குலயும் எனக்கு முந்தியே இந்த வட்டம் இருக்குதுங்க. அலமாரியை மூடிப்போட்டா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

அன்று சாயந்தரமே போர்டைக் கழற்றிவிட்டு, அடுத்த புத்தகத்திலிருந்து என் வட்டத்தை இருபத்துமூன்றாம் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.