வாங்காத விமானமும் தங்கையின் கிணறும்

நிலமெடுப்புக்கு முதல் அறிவிப்பு வந்தால், பாதிக்கப்படுகிறவர் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். அவர் சொல்வதை நேரிலும் கேட்க வேண்டும். விதி இவ்வளவுதான். விமானத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

எங்கள் பக்கத்துச் சின்ன விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்ட அளந்த நிலத்தில் என் தங்கை வீட்டுக் கிணறு அகப்பட்டுக்கொண்டது. பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு. செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் பாய்ச்சத் தங்கையின் முறை. அவள் வெள்ளாமை செய்யும் காடு அளவில் வராமல் தப்பிவிட்டது. ஆனால் கிணறு போனால் அது வெறும் தரிசு.

"மச்சா, உங்களுக்குத் தெரியாத சட்டமா? நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார் தங்கையின் கணவர்.

விமானக் கம்பெனி ஒன்றில், எந்தத் தடத்துக்கு எந்த விமானம் வாங்குவது என்று தீர்மானிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சங்ககிரியில் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெகுநாளாக யாரும் என் கருத்தைக் கேட்டதில்லை. கேட்டதும் பக்கம் பக்கமாக எழுதினேன். குறுகிய தடங்களுக்கு இனி மின்சார விமானங்கள்தான், அவை சிறியவை, இருக்கிற ஓடுபாதையே போதும், ஆகவே நீட்டிப்பு வீண். எண்ணெய் எரிய எரிய விமானம் இலேசாகும், பேட்டரி தீர்ந்தாலும் அதே கனத்தோடுதான் இறங்கும், அதற்கு ஓடுபாதை நீளமாக வேண்டும் என்ற சங்கடத்தை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டேன்.

தங்கை படித்துப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, பூரா பிளேனாவே இருக்குது. கெணத்தக் காணமே?"

"அதெல்லாம் அழுகிற விஷயம். ஆபீசில் எடுபடாது."

விசாரணையன்று அதிகாரி மனுவைப் புரட்டினார். "இந்த விமானம் இப்ப எங்கங்க ஐயா பறக்குது?"

"சோதனையில் இருக்கிறது."

"எந்தக் கம்பெனியாவது வாங்கியிருக்குதுங்களா?"

"வாங்கும்."

பின்வரிசையில் ஒருவர், "மொதல்ல சார்ஜ் போடக் கரண்டு வருதான்னு கேளுங்க சாமி!" என்றார். கூடம் சிரித்தது. வேலையில் இருந்தபோது இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால், நானும் சிரித்துவிட்டுத்தான் திருப்பியிருப்பேன்.

அதிகாரி தங்கையைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?"

அவள் பாதி எழுந்தாள். என்னைப் பார்த்தாள். "எல்லாம் மனுவில் இருக்கிறது" என்றேன், அவளுக்கு முந்திக்கொண்டு. அவள் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பைக்கூட மறந்துவிட்டேன், அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்ததை மறக்க முடியவில்லை.

பிறகு மாதக்கணக்கில் மௌனம். கடைசியில், விமானத் தேர்வு பற்றிய எங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்றும், கிணறு குறித்து ஆட்சேபம் ஏதும் வரப்பெறவில்லை என்றும் பதில் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன். தங்கை வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். "செரி, ஊட்டுக்குப் போய் காப்பி குடிங்கண்ணா, தண்ணி கட்டீட்டு வாரேன்" என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, ஆடி இரண்டு.