துளை போடாத சுவர்

ஒன்றரை முழ நீளத்தில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. இரண்டு முனையும் சுவரை நோக்கி மடிந்திருக்கும். மடிப்புகள் ஒன்றுபோல இருக்காது. இடது பக்கத்து மடிப்பு கொஞ்சம் நசுங்கிப் போயிருக்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த அறை வாசலிலிருந்து பொதுப் பைப்படிக்கு இறங்கும் இரண்டு படிகளின் பக்கத்துச் சுவரில் அதைப் பதித்தவன் நான்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது. என் கையால் நான் செய்த முதல் சொந்த வேலை அது. அதற்குப் பிறகு இந்தக் கொழும்பில் எத்தனையோ வீடுகளை இருக்கச் சுகமான வீடுகளாக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழாய்த் துண்டுக்குக் கிட்டவும் எதுவும் வரவில்லை என்பதை எழுபத்திரண்டு வயதில்தான் ஒப்புக்கொள்கிறேன்.

கொழும்பில் தோட்டம் என்று சொன்னால் மரம் செடி என்று நினைக்கக் கூடாது. ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்குமாக ஒரு பைப், ஒரு கக்கூஸ். அதில் ஓர் அறையில் நானும் அக்காவும் இருந்தோம். அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. எங்கள் தகப்பனை ஐயா என்போம்; அவர் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்து ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். ஆறு வருடத்தில் அவரும் இறந்துபோனார். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிப் போயிருந்தது. மற்றக் காலால் தையல் மெசினை மிதித்து, சேர்ட்டுக்குக் கொலர் தைத்துக் கொடுத்து என்னை வளர்த்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அது அக்காவின் குற்றமில்லை. பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் போய் நின்றுகொண்டிருந்தவன் நான்.

ஒரு மழை நாளில் படியில் பிடித்திருந்த பாசியில் அக்கா வழுக்கி விழுந்தார். முழங்கை கிழிந்து இரத்தம். துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அன்றைக்கு முடிக்க வேண்டிய கொலர்களைத் தைத்து முடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையிடத்தில் மிஞ்சிக் கிடந்த குழாய்த் துண்டொன்றை மேசன் பாஸிடம் கேட்டு வாங்கி வந்தேன். கருங்கல் ஒன்றில் வைத்து அடித்தடித்து மடித்தேன். உளியால் சுவரில் இரண்டு பொந்து தோண்டி, சீமெந்து குழைத்துப் பதித்தேன். மூன்று நாள் ஒருவரையும் தொடவிடவில்லை. நாலாம் நாள் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், ஏறினார், திரும்பவும் இறங்கினார். கையில் வாளி இல்லை. பைப்படியில் ஒரு வேலையும் இல்லை.

"எடேய், இதென்ன ராசா வீட்டுப் படி மாதிரிக் கிடக்கு. இனி நான் தண்ணியெடுக்கப் போகேக்க நீ முன்னால நிண்டு விசிறோணும்" என்றார்.

பக்கத்து அறையிலிருந்த முஸ்லிம் அம்மா, சோனகத்து அம்மா என்போம், அதைப் பார்த்துவிட்டுத் தன் வாசலுக்கும் ஒன்று வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். கூலியாக ஒரு கோப்பை வட்டிலப்பம், அவர்கள் வீட்டு இனிப்பு, தந்தார். அதுதான் என்னுடைய முதல் ஓடர். அன்றிலிருந்து எனக்கு வேலை இல்லாத நாள் இருந்ததில்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். டைல்ஸ் பதிப்பதில் என் கைக்கு நிகரான கை இந்த நகரத்தில் குறைவு. சூட் போட்ட எஞ்சினியர்மார் குளியலறைத் தரைக்குத் தண்ணீர் வாட்டம் எவ்வளவு விடுவது என்று என்னைக் கேட்டுத்தான் பிளான் கீறினார்கள். பிறகு சொந்தக் கடை போட்டேன். கொமட், வோஷ்பேசின், டைல்ஸ் என்று இரண்டு மாடிக் கடை. வீட்டைச் சுகமாக்குவது எது என்று வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் சொல்லுவேன். மாடிப்படியின் விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வையுங்கள் என்பேன். சமையல் மேசையின் உயரத்தைச் சமைக்கிறவரின் முழங்கைக்கு அளந்து கட்டுங்கள். கட்டடக்காரனின் அளவுக்குக் கட்டாதீர்கள் என்பேன். கை நடுங்குகிறவர் வீட்டில் இருந்தால் திருகுகிற பைப் வேண்டாம், தட்டினால் திறக்கிற பைப் போடுங்கள் என்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான் என்று அடித்துச் சொல்லுவேன். பளபளப்பைக் கேட்டு வந்தவர்களோடு சண்டையே பிடித்திருக்கிறேன். "காசு உங்கட, இடுப்பும் உங்கடதான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்து, சொரசொரப்பானதையே கொடுத்து அனுப்புவேன்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் வீடு கட்டியபோது அக்காவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சின்ன வயதில் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், மாபிள் வீட்டில் வைத்துப் பார்ப்பேன் என்று. அக்கா அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. கீழ்மாடியில் கடற்காற்று வருகிற அறை அவருக்கு. கட்டில் தலைமாட்டிலேயே சுவிட்ச். அறையோடு சேர்ந்த குளியலறை; பைப்பைத் திறந்தால் சுடுதண்ணீர். வெளிநாட்டிலிருந்து இறக்கிய பெரிய மாபிள் பலகைகளால் அந்தக் குளியலறைச் சுவரை மூடினேன். ஒரே கல்லை இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் பதிப்பது. கல்லில் ஓடுகிற சாம்பல் வரி ஒரு பலகையில் தொடங்கி அடுத்த பலகையில் தன் சோடியைச் சந்திக்கும். வேலையாட்களை வெளியே நிற்கவைத்துவிட்டு நானே பதினொரு நாள் அதைப் பதித்தேன். தரைக்கும் அதே கல், அதே பளபளப்பு. கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னதை எனக்கு நானே சொல்லவில்லை.

அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "தம்பி, கோயிலுக்குள்ள போற மாதிரிக் கிடக்கு. செருப்பைக் கழட்டிக் கும்பிட்டிட்டுத்தான் இனி முகம் கழுவோணும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கேட்டார். "கொட்டாஞ்சேனையில போட்ட மாதிரி ஒரு குழாய்த் துண்டு இஞ்சையும் போடன். எழும்பேக்க பிடிக்க ஒண்டும் இல்லை."

நான் போட்டிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. ஆனால் அக்காவின் கை எட்டுகிற உயரத்தில் அந்தச் சுவரில் துளை போடுவதென்றால் வரிகள் சந்திக்கிற இடத்தில்தான் போட வேண்டும். கல் வெடித்தால் அதற்குச் சோடி உலகத்தில் எங்கும் கிடையாது. டைல்ஸ்காரனுக்குத்தான் அந்த வலி விளங்கும். "அக்கா, இது வீடா ஆஸ்பத்திரியா? பொறு, வடிவான கம்பியாப் பாத்து எடுப்பிக்கிறன்" என்றேன். எடுப்பிக்கவில்லை. இன்னொரு முறை கேட்டார். அப்போதும் பொறு என்றேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. பழைய சாக்கொன்றை நாலாக மடித்து, ஓரம் தைத்து, ஈரம் படுகிற இடத்தில் தானே விரித்துக்கொண்டார். அந்த வீட்டில் அக்கா செய்துகொண்ட ஒரே வசதி அதுதான்.

லண்டனிலிருந்து என் மனைவியின் தமையன் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அவர்கள் வருகிற அன்று வீடு முழுவதும் சுற்றிப் பார்த்த நான், அந்தச் சாக்கை என் கையாலேயே தூக்கித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் எறிந்தேன். அக்கா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு. அவையள் போனாப் பிறகு போடுவம். அதுவரைக்கும் நான் சுவாமி மாதிரி அசையாமல் இருக்கிறன்" என்று சிரித்தார்.

அடுத்த நாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே மச்சானுக்கு அந்தச் சுவரைப் பதித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். "ஒரு துளை கிடையாது மச்சான். தலையிலிருந்து கால் மட்டும் ஒரே கல்." இந்தச் சொற்கள்தான். அப்போதுதான் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. அரிசிச் சாக்கை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அக்கா பக்கவாட்டில் கிடந்தார். கண் திறந்திருந்தது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். அவரைத் தூக்கக் குனிந்தபோது சுவரைப் பார்த்துவிட்டேன். ஈரக் கையால் அவர் சுவரைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். ஐந்து விரலின் தடங்களும் தோள் உயரத்தில் தொடங்கி, வரிகள் சந்திக்கிற இடத்தின் மேலாகக் கோணலாக இழுபட்டுத் தரை வரைக்கும் வந்திருந்தன. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தத் தொழில் செய்தவன் நான். ஒரு சுவர் எவ்வளவு வழுவழுப்பு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்புலன்ஸ் வருவதற்குள் அந்த ஈரம் காய்ந்து, சுவர் திரும்பவும் ஒன்றும் நடக்காத மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். டொக்டர்மார் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி இருந்தது. நான் போகும்போதெல்லாம் அக்காவின் கை அதில்தான் இருக்கும். ஒரு நாள் அதை மெதுவாகத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியே தம்பி. இஞ்ச வச்சிருக்கினம்."

பகிடியாக, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்காவுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. நான் அழத் தொடங்கியதும் பயந்துபோனார். "சீ, உன்ர சுவரைக் குறை சொல்லேல்லையடா. வடிவான சுவர். அதைப் போய் உடைச்சுக் கிடைச்சுப் போடாத" என்றார்.

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து துளை போட்டேன். நாலு துளை. ஒன்றில் கல் வெடித்து, சாம்பல் வரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கீறல் ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். துருப்பிடிக்காத கம்பி, மூன்று ஆள் தொங்கினாலும் அசையாது. நானே தொங்கிப் பார்த்தேன். தரைக் கல்லை ஆள்விட்டுக் கிண்டி எடுத்துச் சொரசொரப்பானதைப் பதிப்பித்தேன். சாக்கையும் தேடி எடுத்துக் கழுவிக் காயப்போட்டேன். எல்லாம் தயாராக இருந்தது. அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, ஐந்தாம் வாரத்தில் முடிந்துபோனார். வீட்டுக்கு வந்தது அவருடைய உடம்புதான். அதற்குக் கம்பி தேவைப்படவில்லை.

அதற்குப் பல வருடம் கழித்து, போன மாதம்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது. முற்றத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். எங்கள் அறையில் ஒரு சோனகக் குடும்பம். கதவைத் திறந்த பெண்ணிடம், சின்ன வயதில் இங்கே இருந்தவன் நான், இந்தச் சுவரிலுள்ள குழாய்த் துண்டை எனக்குத் தர முடியுமா, பதிலுக்குப் புதுக் கம்பி கொண்டுவந்திருக்கிறேன், நானே பூட்டித் தருவேன் என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த புதுக் கம்பியைப் பார்த்தாள்.

"புதுசு வாணாம் சேர். எங்கட உம்மாக்குக் கண் தெரியிறல்ல. இதத் தடவிப் புடிச்சித்தான் எறங்குவாங்க. இந்தா இந்த நசுங்கின எடம் கைக்குப் பட்டா, படி வந்திட்டுன்னு அவங்களுக்குத் தெரியும்."

நான் சரியாக மடிக்கத் தெரியாமல் நசுக்கிய இடம் அது. ஒரு தரம் பிடித்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். "புடிங்க சேர்" என்றாள். பிடித்துக்கொண்டு இரண்டு படியும் இறங்கினேன், ஏறினேன், திரும்பவும் இறங்கினேன். பைப்படியில் எனக்கும் ஒரு வேலையும் இல்லை. ஐம்பத்தைந்து வருடமாகியும் அது அசையவில்லை. நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தேய்ந்து வெள்ளிபோல் இருந்தது. அதில் அக்காவின் கை எவ்வளவு, பிறகு வந்தவர்களின் கை எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

புதுக் கம்பியைத் திருப்பிக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்காவின் குளியலறையில் விளக்கைப் போட்டேன். சாக்கு விரித்தபடி இருக்கிறது. வெடித்த கல்லும் அப்படியே இருக்கிறது. கடற்காற்று வெள்ளவத்தையில் எல்லா இரும்பையும் தின்னும். நான் பூட்டிய கம்பியில் ஒரு புள்ளித் துருக்கூட இல்லை. ஒரு கீறலும் இல்லை. வாங்கிய அன்று இருந்த மாதிரியே, புதிதாக, அப்படியே இருக்கிறது.