பூங்காவின் கல்மண்டபம்

கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பூங்காவில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. மண்டபம் என்று நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன். முன்னுக்கு மட்டும் கல்லுச்சுவர், அதன் மேல் ஒரு புகைபோக்கி. மற்ற மூன்று பக்கமும் வெறும் தூண்கள். உள்ளே நாலு சாப்பாட்டு மேசைகள். மழை வந்தால் பார்பெக்யூ போடுகிறவர்களோடு அணில்களும் ஒதுங்கும்.

அதை இடித்து வாகனத் தரிப்பிடத்தைப் பெரிதாக்கப் போவதாகப் போன வருடம் நகரசபையார் அறிவிப்பு ஒட்டினார்கள். வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனேன். பூங்காவைப் பற்றி ஆராய வந்த அலுவலர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பெரிய பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்கள் பக்கத்து ஓடையிலிருந்து கல் சுமந்து கட்டிய சுவர் அது என்றார். ஆனால் பழைமை மட்டும் போதாதாம். பிறகு வந்த சனங்களுக்கும் அது முக்கியம் என்று யாராவது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடிப்பதுதான்.

நான் ஒரு படம் கொண்டு போயிருந்தேன். அம்மா காலமான பிறகு அவருடைய பெட்டியில் கிடைத்தது. நான் கனடா வந்த புதிதில் எடுத்தது. அறையில் இருந்த ஆறு பேருக்கும் பொதுவான ஒரே நல்ல குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவருக்கு முன்னால் ராசா மாதிரி நிற்கிறேன். அலுவலர் சந்தோஷமாக வாங்கிப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

அங்கேதான் வந்தது வினை. "அம்மா, இதுதான் நான் வாங்கின கல்வீடு" என்று எழுதியிருந்தேன். தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். ஊரில் கல்வீடு என்றால் அந்தக் குடும்பத்துக்கு மதிப்பே வேறு. நான் இருந்ததோ நிலத்துக்குக் கீழே, ஒரு பேஸ்மென்றில். கலியாணம் ஒப்பேறியது. பிறகு அம்மா இங்கே வந்திறங்கி, "எங்கையடா தம்பி அந்தக் கல்வீடு?" என்று கேட்டார்.

"வித்துப்போட்டன், அம்மா."

"கல்வீட்டை ஆரும் விப்பினமோ, மடையா!" என்று கண்மூடும்வரை திட்டினார்.

கூட்டத்தில் பாதிப்பேர் எங்கள் தமிழ் ஆட்கள். தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் யாராவது இருக்கிறார்களோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். என்னவோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் என் மானத்தைக் காப்பாற்றினால் சுவர் போய்விடும். முழுக்கதையையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பின்வரிசையில் என் வயதுப் பெண் ஒருவர் எழும்பினார்.

"அண்ணை, உது எங்கட வீடெல்லோ!"

கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதே சுவர், அதே புகைபோக்கி. முன்னால் சேலையும் பனிச்சப்பாத்துமாக அவர். "எங்கட ஐயாவுக்கு ஊருக்கு அனுப்பினனான்" என்று தகப்பனைச் சொன்னார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அலுவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் விளங்கப்படுத்திய பிறகு, இந்த வீட்டை இன்னும் எத்தனை பேர் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அவர் எண்ணுவதை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்.

மண்டபத்தை இடிக்கவில்லை. இப்போது அதன் முன்னால் அதன் வரலாற்றைச் சொல்லும் ஒரு பலகை நிற்கிறது. கல் சுமந்தவர்களுக்கு அடுத்த வரியில் நாங்கள் இருக்கிறோம். குடியுரிமை எடுத்த நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.